ரெண்டு எடத்துல வைக்கணும்

“இன்னொரு தடவ சொருவிப் பாருங்க” என்றாள் வெற்றிச்செல்வி.

முத்தமிழ் ஒயரை உருவி, முனையை வாயால் ஊதி, மறுபடி கம்ப்யூட்டரில் செருகினான். மேசை மேல் கிடந்த ஹார்ட் டிஸ்க் ஒரு நொடி உறுமியது. பிறகு டக், டக், டக் என்று பல்லி மாதிரி சத்தம் போட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. கடையின் பின்பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்கிற மெஷின் யார் வீட்டுக் காதுகுத்தையோ அச்சடித்துக்கொண்டிருந்தது.

மணி பத்து. அவளுடைய அப்பா தங்கசாமி விடிகாலை ஐந்தரைக்குப் போய்விட்டார். வாலிகண்டபுரத்து வீட்டு வாசலில் சாமியானா போட்டாயிற்று, ஃப்ரீசர் பெட்டி வந்தாயிற்று. நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் ஊர் முக்கில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியாக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஒருவரும் சாவதில்லை. ஃப்ளெக்ஸுக்கு ஒரு படம் வேண்டும். படமெல்லாம் இந்த ஹார்ட் டிஸ்க்குக்குள் இருந்தன.

படம் போனால்கூடப் போகட்டும். அம்மா உண்ணாமலை செத்து நாலு வருஷமாகிறது. அம்மா பேசுவதும் நடப்பதும் திட்டுவதுமாக அப்பா தன் போனில் எடுத்த பதினோரு வீடியோக்களும் இதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை. அதை நினைத்துத்தான், “பொணத்த வூட்ல வச்சுகிட்டு பெத்த பொண்ணு டவுனுக்குப் போவாளாடி?” என்று சிந்தாமணி அத்தை தடுத்தும் கேட்காமல், புருஷன் குழந்தைவேலை வண்டியை எடுக்கச் சொல்லிப் பெரம்பலூருக்கு வந்திருந்தாள்.

முத்தமிழ் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தான். ஃப்ளெக்ஸ் அடிப்பதோடு கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற வேலையும் செய்கிறவன்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. இத யாரு வாங்கிக் குடுத்தது?”

“என் தம்பி. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கான்.”

“இது கேமரா பெட்டிக்குள்ள போடுறதுக்கா. ராவும் பகலுமா ஓடி ஓஞ்சப்புறம் கழட்டிப் போட்டது. இங்க தேதியப் பாருங்க.”

பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதற்குக் கீழே ஏதோ ஆபீஸின் நம்பர் ஸ்டிக்கரை யாரோ நகத்தால் பாதி சுரண்டியிருந்தார்கள். சுரண்டி முடிக்கக்கூடப் பொறுமை இல்லாதவன் யார் என்பது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து வராத அழுகை அப்போதும் வரவில்லை. காதுமடல் மட்டும் சுட்டது.

அரியலூரில் இ-சேவை மையத்தில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. புதுசா வாங்குங்க, பில்லோட வாங்குங்க, மூணு வருஷமாவது வாரண்டி இருக்கணும், ஆன்லைன்ல பாதி விலைன்னா கிட்டயே போகாதீங்க. எவ்வளவு நல்லதா வாங்கினாலும் ஒரு நாளைக்கு அது கெடும், அதனால ரெண்டு எடத்துல வைக்கணும். இதை அவள் ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்கிறாள். சாதிச் சான்றிதழை எலி தின்றுவிட்டது என்று வருகிற கிழவரிடம் சொல்கிறாள், மார்க் ஷீட்டை பஸ்ஸில் விட்டுவிட்டு வருகிற பையனிடம் சொல்கிறாள். பெற்ற அப்பாவுக்கு மட்டும் அவளைக் கேட்கத் தோன்றவில்லை. மகன் இன்ஜினியர், மகள் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறவள். அவ்வளவுதான் அவர் போட்டு வைத்திருந்த கணக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருக்கிற மனுஷன் மேல் கோபப்படுவது நியாயமா என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

போன வருஷம் சித்திரையில் நடந்தது அப்படியே கண் முன் நின்றது. தம்பி அறிவரசன் ஊருக்கு வந்திருந்தான். போனில் இடமில்லை என்று காட்டிக்காட்டி அப்பா அலுத்துப்போயிருந்தார். “தம்பி, நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுப்பா. கெட்டுப்போகாததா பாத்து வாங்கு. உங்கம்மா அதுல இருக்கா” என்றார். அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்த இவள், “எதுல போட்டாலும் ரெண்டு எடத்துல வைக்கணும்ப்பா” என்று கத்தினாள். “சரி பாப்பா” என்று ஒரு குரல் வந்தது. அடுத்த மாசம் தம்பி பேப்பரில் சுற்றி இந்தச் சனியனைக் கொண்டுவந்தான். காப்பி எடுத்து வைத்தானா என்றால் அதுவும் இல்லை. போனிலிருந்த அத்தனையையும் வெட்டி இதில் ஒட்டிவிட்டு, போனை அடியோடு துடைத்து, “இப்பப் பாருங்கப்பா, போன் பறக்கும்” என்று கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

“வேற படம் இல்லீங்களாக்கா?” என்றான் முத்தமிழ்.

தன் போனைத் திறந்து கேலரியைத் தள்ளிக்கொண்டே போனாள். பிள்ளைகள், பிறந்தநாள் கேக், மழையில் ஒழுகிய சமையலறை. ஒரே ஒரு படத்தில் அப்பா இருந்தார். ஓரத்தில் நின்றதால் பாதி முகம் வெட்டுப்பட்டிருந்தது. வெட்கமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

கடைசியில் ஆதார்தான் கைகொடுத்தது. அப்பாவின் போன் அவள் பையில் இருந்தது. செத்த மனுஷனின் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. அதைப் போட்டாள், அட்டை திறந்தது. தபால்தலை அளவில் அப்பா விறைத்துக்கொண்டு பார்த்தார். அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான், அவளுடைய மையத்தில். “நேரா பாருங்கப்பா. சிரிக்காதீங்க” என்று சொன்னதும் அவள்தான். அவர் கேட்டுக்கொண்டு சிரிக்காமல் இருந்துவிட்டார்.

“பெருசு பண்ணினா உடையும்க்கா” என்றான் முத்தமிழ்.

“உடையட்டும். அடிங்க.”

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். “மெதுவா பேசு அவன்கிட்ட. எழவு வூடு” என்றார் குழந்தைவேல்.

*

அறிவரசன் பன்னிரண்டரைக்கு வந்தான். காரிலிருந்து இறங்கிய இடத்திலிருந்தே அழுதுகொண்டு வந்தான். கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, “அப்பா, அப்பா” என்று தலையால் முட்டினான். பெண்களெல்லாம் அவனைச் சுற்றிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார்கள். வெற்றிச்செல்வி சுவரோரமாக நின்று பார்த்தாள். நடிக்கவில்லை, நிஜமாகத்தான் அழுகிறான் என்று தெரிந்தது. அது அவள் கோபத்தை இன்னும் கிளறியது. போலியாக அழுதிருந்தால் வெறுத்துத் தொலைத்துவிடலாம்.

ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவன் கேட்டான். “என்னக்கா இது, ஆதார் படத்தப் போட்டிருக்க? அப்பா போலீசுல மாட்டுன ஆளாட்டம் இருக்காரு. ஹார்ட் டிஸ்க்ல எவ்வளவு நல்ல படம் இருந்துச்சு!”

“டிஸ்க் திறக்கல.”

“திறக்கலையா? எங்க, குடு.”

அவள் மஞ்சள் பையை நீட்டினாள். அவன் துண்டை விலக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மேல் தகட்டில் காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று, அதன் மேல் குங்குமம். அப்பா மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வயர்மேனாக இருந்தவர். ஆயுதபூஜையென்றால் கட்டிங் பிளேயர், டெஸ்டர், இடுப்புக் கயிறு, கடைசியில் ரிமோட் வரைக்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்.

“அட கடவுளே” என்றான் அறிவரசன். துக்கத்துக்கு வந்த பெரியப்பா, சித்தப்பா முறைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவர்களுக்கும் சேர்த்தே விளக்கினான். “இதுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது வழியாத்தான் காத்துப் போகும். மூடக்கூடாதுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கு. அப்பா சந்தனத்தக் கரைச்சு மேல வச்சிருக்காரு. பின்ன எப்படி ஓடும்? நான் எவ்வளவோ பத்திரமாக் குடுத்துட்டுப் போனேன்.”

“பாவம், அவருக்கு என்னப்பா தெரியும்” என்றார் ஒருவர்.

“பழைய காலத்து மனுஷன்” என்றார் இன்னொருவர்.

வெற்றிச்செல்வி அவன் கையிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கினாள். சன்னல் பக்கம் கொண்டுபோய்க் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பொட்டு ஓட்டையின் மேல் இல்லை. ஒரு விரற்கடை தள்ளி, சந்தனம் ஒரு துளிகூட வழியாமல், கெட்டியாகக் குழைத்து வைத்த பொட்டு. ஓட்டை சுத்தமாக இருந்தது. அந்த ஆங்கில எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கை வைத்திருக்கிறார்.

அப்போது சிந்தாமணி அத்தை வாயைத் திறந்தாள். அப்பாவின் தங்கை, அடுத்த வீட்டுக்காரி. நாலு வருஷமாக அண்ணனுக்கு ராச்சோறு போட்டவள்.

“இது ஆயுதபூசைக்கா நின்னுச்சு? ஆடியிலயே நின்னு போச்சே” என்றாள்.

“என்னது?” என்றான் அறிவரசன்.

“தெனம் சாயங்காலம் ஏழு மணியாச்சுன்னா டிவியில இத மாட்டிடுவான். அண்ணி வருவா. அவ அடுப்படி வாசல்ல நின்னுகிட்டு, ‘வைங்க அந்தப் போன, சோறு ஆறுது’ம்பா. இவன் இங்க இருந்து, ‘தோ வரேன்’னுட்டுத்தான் தட்டுல கைய வப்பான். ஆடி பதினெட்டு கழிச்சு ஒரு நாளு டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சு, அவ வரல. ஒனக்குத்தான் போன் பண்ணுனானே தம்பி. மூணு வாட்டி பண்ணுனான். தீபாவளிக்கு வந்து பாக்குறேன்னு சொன்னியாம். தீபாவளிக்கு நீ வரல. அதுக்கு முந்தி, பூசையன்னைக்கு, சாமிகிட்ட வச்சுப் பாப்பம் சிந்தாமணின்னு எங்கிட்டதான் சந்தனம் அரைச்சு வாங்கிட்டுப் போனான்.”

ஃப்ரீசர் பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

“எங்கிட்ட ஏன் அத்தை சொல்லல?” என்றாள் வெற்றிச்செல்வி.

“ஒங்கிட்டச் சொன்னா நீ தம்பியப் பிடிச்சுத் திட்டுவியாம். வேணாம்னுட்டான்.”

அவ்வளவுதான். காலையிலிருந்து கட்டி வைத்திருந்தது உடைந்தது.

“கேட்டியாடா? ஒன்ன நான் திட்டிடுவேன்னு நாலு மாசமா வாய மூடிகிட்டு இருந்திருக்காரு. நீ வந்து எறங்கி ஒரு மணி நேரம் ஆகல, பொணத்து மேல பழியப் போடுற. முப்பத்திரண்டு வருஷம் கரண்டுல கை வச்ச மனுஷனுக்கு எதுல ஈரம் படக்கூடாதுன்னு தெரியாதா? இங்க பாரு, ஓட்டைய விட்டுத் தள்ளி வச்சிருக்காரு பாரு! நல்லதா ஒண்ணு வாங்குன்னுதான கேட்டாரு? ஒங்க ஆபீசு குப்பையிலேர்ந்து பொறுக்கிட்டு வந்து அவரு கையில குடுத்திருக்க. ஸ்டிக்கரக்கூட முழுசாச் சொரண்டல.”

“அக்கா, எல்லாரும் இருக்காங்க…”

“இருக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும்னுதான் சொல்றேன். அம்மாவ நீ ரெண்டாந்தடவ சாவடிச்சிட்டடா.”

அறிவரசனின் முகம் செத்துப்போயிற்று. “போட்டோதானேன்னு நெனச்சேன்க்கா” என்றான். குழந்தைவேல் வந்து அவள் தோளைத் தொட்டார். அவள் தட்டிவிட்டுவிட்டு உள்ளே போனாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். கையில் கொள்ளிச்சட்டியோடு தம்பி முன்னால் போனான். முக்கில் ஆதார் அப்பா உடைந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் தெரு முனையோடு நின்று திரும்பினார்கள். வெற்றிச்செல்வி வாசலில் சாணித் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவித் தள்ளினாள். விளக்குமாற்றைப் போட்டுத் தரையை அடி அடியென்று அடித்தாள்.

*

ஆறரை மணி இருக்கும். அப்பா படுத்திருந்த இடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. அதன் பக்கத்தில் அவருடைய கட்டிங் பிளேயரையும் போனையும் அத்தை எடுத்து வைத்திருந்தாள். டிஸ்க்கை யாரும் தொடவில்லை. அது சன்னல் திண்டிலேயே கிடந்தது. அரியலூரிலிருந்து மாமியார் வீட்டுச் சோறு அண்டாவில் வந்து இறங்கியிருந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த ஆண்கள் சாமியானாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெற்றிச்செல்வி அறையில் தனியாக உட்கார்ந்து தன் போனை எடுத்தாள். பதினாறாம் நாள் பத்திரிகைக்காவது ஒழுங்கான படம் வேண்டும். அப்பா எப்போதாவது தன் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பாரா என்று தேடலாமென்று தோன்றியது.

அப்பாவின் பக்கத்தை அவள் திறந்தே ரொம்ப நாளாகிறது. விடிந்ததும் ஒரு ரோஜாப்பூ, “இனிய காலை வணக்கம்”, ஒரு பிள்ளையார், ஒரு சர்க்கரை நோய் வைத்தியம். வேலை நேரத்தில் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்ததால் அவருடைய சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். படம், வீடியோ எதுவும் தானாக இறங்காதபடியும் செய்திருந்தாள். போனில் இடம் வேண்டுமே.

மேலே தள்ளினாள். ரோஜா, ரோஜா, முருகன், ரோஜா. கார்த்திகை, ஐப்பசி, ஆடி தாண்டி, போன வருஷத்துக்குப் போயிற்று. படம் ஒன்றும் அகப்படவில்லை. சித்திரையில் கை நின்றது.

ஒன்றன்கீழ் ஒன்றாக மங்கலான கட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கீழ்நோக்கிய அம்புக்குறி. முதல் கட்டத்தில் கலங்கலாகப் பச்சைப் புடவை, பின்னால் அடுப்படி நிலைப்படி மாதிரி ஒன்று. நாற்பத்தொரு நொடி. எண்ணினாள். பதினொன்று.

அதற்குக் கீழே அப்பா போனில் பேசி எழுத வைத்த வரி இருந்தது. “பாப்பா ரெண்டு இடத்துல வைக்கணும்னு சொன்னியே ஒன்னு தம்பிகிட்ட குடுக்குறேன் ஒன்னு உங்கிட்ட அனுப்பிட்டேன் பத்திரமா வச்சுக்க.”

தேதியைப் பார்த்தாள். அவள் வடை சுட்ட அதே நாள், ராத்திரி.

முதல் அம்புக்குறியை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றி நின்றது. இந்த வீடியோ இப்போது கிடைக்காது, அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றது போன்.

இரண்டாவதை அழுத்தினாள். அதையே சொன்னது. மூன்றாவது. நான்காவது. பதினொன்றையும் அழுத்தினாள். பதினோரு தடவையும் அப்பாவிடம் கேட்கச் சொன்னது.

“வெற்றி, தம்பிக்கு எல போட்டாச்சு. சோறு போடு. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல அவனுக்கு” என்று அத்தை கூப்பிட்டாள். மத்தியானமாக இருந்திருந்தால் நீயே போடு என்றிருப்பாள். எழுந்து போனாள்.

கூடத்தில் அறிவரசன் இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். மழித்த தலையில் ஒரு கீறல். இரண்டு கையாலும் போனைப் பிடித்து மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான். அவள் சோற்றை வைத்தாள். அத்தை ரசச் சட்டியைக் கொண்டுவந்தாள்.

“அக்கா, திருச்சில ஒருத்தன் கெட்டுப்போன டிஸ்க்லேர்ந்து எடுத்துத் தரானாம். நாளைக்குக் கொண்டுபோறேன். ஒருவேளை வந்துரும்க்கா.” நிமிர்ந்து பார்க்கப் பயந்து போனையே பார்த்தபடி பேசினான். “ஒங்கிட்ட ஏதாச்சும் இருக்கா? அப்பா எதாச்சும் ஒனக்கு அனுப்பியிருக்காரான்னு…”

அவளுக்குக் கோபம் எழும்பியது. காலையில் அது போன வழி ஒன்று. இப்போது அது எந்தப் பக்கம் போகிறதென்று அவளுக்கே தெரியவில்லை.

“வை அந்தப் போன” என்றாள். “சோறு ஆறுது.”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சிந்தாமணி அத்தையின் கை அப்படியே நின்றது. அறிவரசன் தலையைத் தூக்கி அடுப்படி வாசலைப் பார்த்தான். பிறகு போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சோற்றில் கையை வைத்தான்.